தோட்டத்து இங்கிலீஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு லண்டனில் ஒரு பொருள், சென்னையில் ஒரு பொருள், அமெரிக்காவில் இன்னொரு பொருள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், தமிழ்நாட்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில் பேசுவது தப்பான இங்கிலீஷா?

இல்லை. ஒருவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்வது வேறு, ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாக ஒரு சொல்லை ஒரே பொருளில் சொல்வது வேறு. தோட்டத்துக்குள் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தவர்கள் வாத்தியார்கள் இல்லை, துரைமார்களும் கணக்கெழுதும் கிராணிமார்களும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும்தான். வேலை வாங்க அவர்களுக்கு எந்தச் சொல் தேவைப்பட்டதோ அந்தச் சொல், அவர்கள் சொன்ன பொருளிலேயே, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் லண்டன்காரர்கள் தங்கள் ஊரில் அந்தப் பொருளை மாற்றிக்கொண்டிருக்கலாம், நாம் பழையதையே வைத்திருக்கலாம். அல்லது மலாயும் சீனரின் ஹொக்கியனும் கன்டனீசும் தமிழும் ஒன்றாகப் புழங்கும் பசாரில் அதே சொல்லுக்குப் புதுப் பொருள் ஏறியிருக்கலாம். இரண்டுமே எல்லா மொழியிலும் நடப்பதுதான். 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம், இன்று நேர் எதிர். அதற்காகத் தமிழ் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர், குறிப்பாகத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூசுகிறார்கள். அவர்கள் பேசும் சொற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது, அது அவர்களுடைய தாத்தா பாட்டியின் வேலை வரலாறு. அதைத் தெரிந்துகொண்டு, எதிரே நிற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் பார்த்துப் பேசினால் போதும்.

எஸ்டேட் என்றால் எல்லா நாட்டிலும் தோட்டம்தானே?

கிடையாது. இங்கிலாந்தில் ஒருவர் தான் எஸ்டேட்டில் வளர்ந்ததாகச் சொன்னால், பெரும்பாலும் நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தவர் என்று அர்த்தம். ஏறக்குறைய நாம் தாமான் என்று சொல்வது. அதே நாட்டில் பெரிய பிரபுவின் மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும்கூட எஸ்டேட்தான். வக்கீலிடம் போனால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து முழுவதும் எஸ்டேட். பின்பக்கம் நீண்ட, சாமான் ஏற்ற வசதியான காருக்கும் அங்கே எஸ்டேட் என்றே பெயர். தமிழ்நாட்டில் நீலகிரிக்காரருக்கோ வால்பாறைக்காரருக்கோ சொன்னால் உடனே புரியும், ஆனால் அவர் மனதில் வருவது தேயிலை. நமக்கு அது ரப்பர், இப்போது செம்பனை.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, அந்தத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்பது நோக்கம். எஸ்டேட் என்று சொல்லும்போது நம் பெரியவர்கள் குரல் மாறுவதை லண்டன்காரரால் புரிந்துகொள்ள முடியாது. அங்கே அது வீட்டு முகவரி, இங்கே வேலையும் வீடும் கோவிலும் பள்ளியும் சேர்ந்த ஒரு முழு உலகம்.

டிரஸ்ஸர், கண்டக்டர் என்றெல்லாம் பாட்டி சொல்கிறாரே, யார் இவர்கள்?

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர்தான் டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது வந்துபோவார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பால்வெட்டுக் கத்தி கிழித்த கையைக் கழுவிக் கட்டுவது, வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று சீட்டு எழுதித் தருவது எல்லாம் டிரஸ்ஸர். பிற்பாடு அந்தப் பதவிக்கு ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட் என்று பெயர் மாறியது, ஆனால் வயதானவர்கள் வாயில் இன்னும் டிரஸ்ஸர் ஐயாதான்.

இந்தச் சொல்லை இன்றைய இங்கிலாந்தில் சொன்னால் சமையலறையில் தட்டு அடுக்கும் அலமாரியைக் காட்டுவார்கள். அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. நாடகக் கொட்டகையில் நடிகருக்கு உடை மாட்டிவிடுபவர். அப்படியென்றால் பாட்டி எங்கிருந்து இந்தப் பொருளைப் பிடித்தார்? இங்கிலாந்திலிருந்தேதான். பழைய ஆங்கிலேய ஆஸ்பத்திரிகளில் அறுவை மருத்துவரின் கூடவே இருந்து காயத்துக்குக் கட்டுப் போட்டவருக்கு டிரஸ்ஸர் என்று பெயர். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் அந்த வேலையைத்தான் பார்த்தார். அங்கே வழக்கொழிந்த பொருள் பேராக்கில் ஒரு பாட்டியின் வாயில் உயிரோடு இருக்கிறது. அவரைத் திருத்தப் போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டக்டர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சென்னையில் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர், மேல்நாட்டில் இசைக்குழுவின் முன்னால் நின்று கை அசைப்பவர், அமெரிக்காவில் ரயிலில் டிக்கெட் பார்ப்பவர். தோட்டத்தில் ஃபீல்டு கண்டக்டர் என்றால் அசிஸ்டன்ட் துரைக்குக் கீழே நின்று காட்டு வேலையை நடத்துபவர். தமிழில் வெளிக்காட்டுக் கிராணி என்பார்கள். நடத்திச் செல்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் அடிப்படை, எதை நடத்துகிறார் என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் அப்படி வந்ததுதான், பரேட் என்ற சொல் நம் நாக்கில் பெரட்டு ஆனது என்பார்கள். ராணுவத்தின் அணிவகுப்பு இங்கே விடிவதற்கு முன்னால் வாளியும் கையுமாக நிற்கும் வரிசையாகிவிட்டது.

அமெரிக்காவில் ரப்பர் என்று சொல்லக்கூடாதாமே?

கடையில் போய் அழிப்பான் வேண்டும் என்ற எண்ணத்தில் ரப்பர் கேட்டால் அவர்கள் ஆணுறை என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் எரேசர் என்று கேளுங்கள். மரத்தையோ டயரையோ பற்றிப் பேசும்போது ரப்பர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சொல்லில் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அழிப்பானுக்கு ரப்பர் என்று பெயர் வந்தது மரத்தால் அல்ல, மரத்துக்குப் பெயர் வந்ததுதான் அழிப்பானால். ஆங்கிலத்தில் தேய்ப்பதற்கான வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பொருள் பென்சில் கோட்டை நன்றாகத் தேய்த்து அழிக்கிறது என்று எழுதினார். காகிதத்தில் கோடு அழிக்கும் ஒரு சின்னத் துண்டின் பெயர் பாலுக்கு ஏறி, மரத்துக்கு ஏறி, ஒரு தொழிலுக்கே பெயராகிவிட்டது.

மரம் இங்கே வந்த கதையும் நம் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

தமிழுக்குள்ளேயும் இதே குழப்பம் உண்டு. 'அம்மா மரம் வெட்டப் போயிருக்கிறார்' என்று நம் ஊர்ப் பிள்ளை சொன்னால் பால் வெட்டப் போயிருக்கிறார் என்று நமக்குத் தெரியும். மதுரைக்காரர் கோடாலியோடு மரத்தைச் சாய்க்கப் போயிருப்பதாகத்தான் நினைப்பார்.

எமர்ஜென்சி என்றால் இந்திரா காந்தி காலமா, கம்யூனிஸ்டு காலமா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவருக்கு அது 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. நமக்கு 1948 முதல் 1960 வரை, அதுவும் தொடங்கியதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில். 1948 ஜூன் 16 அன்று இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அதற்கப்புறம்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் நடந்த ஒரு போரை ஏன் போர் என்று சொல்லவில்லை? போர் என்று பெயர் வைத்தால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் ஏற்படும் சேதத்துக்கு லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தராது என்பதால் அப்படி வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஆங்கிலத்தில் சாதாரணமாக அந்தச் சொல்லுக்குத் திடீர் ஆபத்து என்று பொருள், பன்னிரண்டு வருஷம் நீடிப்பதைத் திடீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு எமர்ஜென்சி என்றால் கோவிட் சமயத்தில், 2021 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இருந்த அறிவிப்பு ஞாபகம் வரும். ஒரே வீட்டில் தாத்தாவும் பேத்தியும் ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு காலத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ரிமூவ் கிளாஸ் என்ற பெயரே அசிங்கமாக இருக்கிறதே, ஏன் அப்படி வைத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமல் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மாணவர், ஃபாரம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருஷம் உட்காரும் வகுப்பு அது. மலாயில் கெலாஸ் பெராலிஹான், தமிழில் புகுமுக வகுப்பு. பக்கத்து வீட்டுப் பையன் ஃபாரம் ஒன்றில் இருக்க, நம் பிள்ளை ரிமூவில் இருப்பான். அந்தச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த பொருள் நீக்குதல், அப்புறப்படுத்துதல். பதிமூன்று வயதுப் பிள்ளை தன்னை எதிலிருந்தோ நீக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. அப்படி நினைத்தே படிப்பை விட்டவர்களும் நம்மிடையே உண்டு, அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உண்மையில் பெயர் வந்த வழி வேறு. இங்கிலாந்தின் பழைய பள்ளிகளில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு வகுப்பு இருக்கும், அதற்கு ரிமூவ் என்று பெயர். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு ஏறுதல் என்றும் பொருள் இருந்தது. அதாவது அது ஏணியில் ஒரு படி. வெள்ளைக்காரப் பள்ளி முறையோடு பெயரும் இங்கே வந்துவிட்டது, மேலே ஏறுதல் என்ற பொருளை மட்டும் யாரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வீட்டில் இந்த வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள், புகுமுக வகுப்பு என்ற தமிழ்ப் பெயரையே சொல்லுங்கள்.

இதே வரிசையில் வெர்னாகுலர் பள்ளி என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். தாய்மொழிப் பள்ளி என்ற பொருளில் தமிழ்ப்பள்ளியையும் சீனப்பள்ளியையும் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதன் வேர் லத்தீனில் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிக்கும் சொல். இங்கிலாந்தில் இன்று அது வட்டாரப் பேச்சுக்கும் நாட்டுப்புறக் கட்டடக் கலைக்கும் வழங்கும் மரியாதையான சொல்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, தமிழ்ப்பள்ளி என்று நேராகச் சொல்வதில் என்ன குறை?

மெட்ரிகுலேஷன் முடித்தேன் என்றால் தமிழ்நாட்டு உறவினர் ஏன் விழிக்கிறார்?

அவர்கள் ஊரில் மெட்ரிகுலேஷன் என்பது ஒரு வகைப் பள்ளியின் பெயர், மெட்ரிக் என்றால் பத்தாம் வகுப்பு. நம் ஊரில் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தபின் பல்கலைக்கழகத்துக்குள் போக அரசு நடத்தும் படிப்பு. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒவ்வோர் ஆண்டும் நம் குடும்பங்கள் தவிக்கும் தவிப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் அது புதிய மாணவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதும்போது, பள்ளி முடித்த பிறகு படித்த பல்கலைக்கழக முன்படிப்பு என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

டியூஷன் என்ற சொல்லிலும் கவனம். நமக்கும் சென்னைக்கும் அது சாயங்கால வகுப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கடிதத்தில் அது கல்விக் கட்டணம். காலேஜ் என்றால் எல்லோருக்கும் பட்டப்படிப்பு நினைவுக்கு வரும், ஆனால் 1905-ல் தொடங்கிய கோலகங்சார் மலாய் காலேஜ் ஓர் இடைநிலைப்பள்ளி.

கம்பவுண்ட் வந்திருக்கிறது என்றேன், சென்னை மாமா சுவரா என்று கேட்டார். எது சரி?

இரண்டும் சரி, இந்த ஒரு சொல்லுக்காகவே தனிப் பக்கம் எழுதலாம். தமிழ்நாட்டில் காம்பவுண்ட் என்றால் வீட்டைச் சுற்றிய மதில். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே கிராமத்தைக் குறிக்கும் மலாய் கம்போங்கிலிருந்து என்பதுதான் அகராதிகள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. ஆக, நம் நாட்டிலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரர்களோடு இந்தியாவுக்கு வந்து, சென்னையில் மதில்சுவராக நிற்கிறது.

நமக்கு வீட்டுக்கு வரும் கம்பவுண்ட் வேறு குடும்பத்துச் சொல். ஒரு குற்றத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் பணம் கட்டித் தீர்த்துக்கொள்வதை ஆங்கிலச் சட்டத்தில் அந்த வினைச்சொல்லால் சொல்வார்கள். மோட்டாரைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் ஒட்டிவிட்டுப் போகும் தாளுக்கு அதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, வேர் வேறு. மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டரும் இந்த இரண்டாம் குடும்பத்துக்காரர்தான், கலத்தல் சேர்த்தல் என்பது அங்கே பொருள்.

சம்மனும் இப்படியே. தமிழ்நாட்டில் சம்மன் வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வீடே கலங்கிப்போகும். நம் ஊரில் வேகமாகப் போனதற்குப் போலீஸ் கொடுக்கும் தாளும் சம்மன்தான், தள்ளுபடி அறிவித்தால் போய்க் கட்டிவிட்டு வருகிறோம். அதனால் தமிழ்நாட்டில் உள்ள பெரியம்மாவிடம் போனில் 'அண்ணனுக்கு மூன்று சம்மன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள்.

வீடுகளின் பெயர்?

டெரஸ் என்றால் நமக்கு வரிசை வீடு, தமிழ்நாட்டில் மொட்டை மாடி. டெரஸ் வீடு வாங்கியிருக்கிறோம் என்று சொன்னால் மாடியில் ஒற்றை அறையா என்று கேட்பார்கள். பங்களா வங்காளப் பாணி வீடு என்று கிளம்பிய சொல். இங்கிலாந்தில் மாடி இல்லாத ஒற்றைத்தள வீடு, வயதானவர்கள் விரும்பி வாங்குவது. நமக்கு எத்தனை மாடி இருந்தாலும் நான்கு பக்கமும் தனியாக நிற்கும் பெரிய வீடு, தோட்டத்திலே துரை வீடு. இரண்டு வீடு ஒட்டியிருந்தால் செமி-டி என்று நாம் சுருக்குவது வெளியூரில் புரியாது. கடைவீதியில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை ஃபைவ் ஃபுட் வே என்பது 1822-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வருகிறது. மலாயில் அதுவே காக்கி லீமா ஆனது.

சென்னைக்குப் போனால் எந்தச் சொற்கள் மாட்டிவிடும்?

முதலில் ஹோட்டல். அங்கே அது சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் வேண்டுமென்றால் லாட்ஜ் என்றோ ரூம் என்றோ கேளுங்கள். நாம் போட்டோஸ்டேட் எடுப்போம், அவர்கள் ஜெராக்ஸ் எடுப்பார்கள். இரண்டுமே கம்பெனிப் பெயர்கள், நகலெடுப்பதற்கான சொல்லாக மாறிவிட்டன. ஹேண்ட்போன் அங்கே செல். நாம் பனானா லீஃப் சாப்பிடப் போகிறோம் என்றால் வாழையிலைச் சாப்பாடு என்று இங்கே எந்த இனத்தவருக்கும் தெரியும், அங்கே இலையையே சாப்பிடுவதாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் அதை மீல்ஸ் என்பார்கள், ஆங்கிலேயருக்கு மீல்ஸ் என்றால் எந்த வேளைச் சாப்பாடும்.

காரின் பின்பக்கம் சாமான் வைக்கும் இடம் ஒரு நல்ல உதாரணம். இங்கிலாந்தில் அதன் பெயர் பூட், அமெரிக்காவில் டிரங்க். தமிழ்நாட்டில் டிக்கி, பழைய வண்டிகளின் பின்னால் இருந்த ஒரு வகை இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நம் நாட்டில் பலர் அதை போனட் என்கிறார்கள், இங்கிலாந்தில் போனட் என்றால் முன்பக்க மூடி. வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கும்போது இது நிஜமாகவே குழப்பும்.

ஓப்பன் ஹவுஸுக்கு வாருங்கள் என்றால் நமக்குத் தீபாவளி விருந்து, யார் வேண்டுமானாலும் வரலாம். அமெரிக்கர் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று நினைப்பார்.

ஃபாலோ, செண்ட், கீப் போன்ற எளிய சொற்களில்கூட வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது, எளிய சொற்களில்தான் அதிகம். காரணம் மலாய். நம் ஊரில் ஆங்கிலம் பேசும்போது அடியில் மலாய் ஓடிக்கொண்டிருக்கும், சீனர் பேசினாலும் தமிழர் பேசினாலும். இக்குட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பின்தொடர்வது, கூடவே வருவது என்று இரண்டு பொருளும் உண்டு. அதனால் 'நான் உன்னை ஃபாலோ பண்ணவா' என்று இங்கே கேட்டால் உன் காரில் நானும் வரட்டுமா என்று அர்த்தம். லண்டனில் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் அவர் பயந்துபோவார். ஹந்தார் என்றால் அனுப்புவது, கொண்டுபோய் விடுவது இரண்டும். அதனால் உன்னை வீட்டுக்குச் செண்ட் பண்ணுகிறேன் என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது ஆளைத் தனியாக அனுப்பிவைப்பது, அன்பாகக் கொண்டுபோய் விடுவதாக அவருக்குக் கேட்காது. சிம்பான் எடுத்துவைப்பது, அதனால் தட்டைக் கீப் பண்ணு. ரோசாக் கெட்டுப்போவது, பழுதாவது, அதனால் கார் ஸ்பாயில். ஆங்கிலத்தில் சாப்பாடும் பிள்ளையும் ஸ்பாயில் ஆகலாம், கார் ஆகாது. லாஸ்ட் டைம் என்றால் நமக்கு முன்னொரு காலத்தில். மற்றவர்களுக்குக் கடைசியாக நடந்த அந்த ஒரு முறை.

ஷேக் லெக் என்பதை மறக்க முடியாது. மலாயில் கோயாங் காக்கி என்றால் வேலை இல்லாமல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சோம்பேறித்தனத்துக்குச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே சொற்களால் ஒரு வழக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பொருள் சீக்கிரம் கிளம்பு என்பது.

கோஸ்தான் மட்டும் வேறு வழி. வண்டியைப் பின்னால் எடு என்பதற்கு நாம் சொல்வது. கப்பலைப் பின்பக்கமாகச் செலுத்து என்ற ஆங்கிலக் கட்டளை துறைமுகத்திலிருந்து ரோட்டுக்கு வந்துவிட்டது.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போய் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன, அதில் வலியும் இருக்கிறது. கூலி என்றால் தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அது ஊதியத்தை விட்டுவிட்டு ஆளுக்குப் பெயராகிவிட்டது. குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகப் பெயரும் இதில் கலந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. எப்படியானாலும், வேலை செய்து சம்பாதித்த காசின் பெயர் மனிதனை மட்டம்தட்டும் பெயராகிப் போனது. தென்னாப்பிரிக்காவில் இந்தியரைப் பார்த்து அதைச் சொன்னால் அது வசைச்சொல். கண்காணிப்பவர் என்ற நல்ல பொருள் கொண்ட கங்காணியும் இப்படித்தான், மலாயா ஆங்கிலத்தில் கிராமத்துக்குப் போய் ஆள் திரட்டிக் கப்பலேற்றி வந்தவரின் பதவிப் பெயரானார். 1938-ல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முடிந்தது, சொல் புத்தகங்களில் நிற்கிறது.

தம்பி இன்னொன்று. நமக்கு வீட்டில் இளையவன், செல்லப் பெயர். வெள்ளைக்கார ஆபீஸ்களில் தமிழ்ப் பணியாளை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மலாயா ஆங்கிலத்தில் தம்பி என்றால் ஆபீஸ் எடுபிடி என்று ஆகிவிட்டது. ஐம்பது வயதுக்காரரும் தம்பிதான். அதே சமயம் இன்று மலாய்க்காரரும் சீனரும் உணவுக் கடையில் அண்ணே என்று வாய்நிறையக் கூப்பிடுவதும், இளைஞர்கள் இனம் பார்க்காமல் மச்சா போட்டுக்கொள்வதும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. மாமாவிலிருந்து மாமாக் கடை வந்ததும் அப்படியே. கிடங்கு கோடௌன் ஆனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பறையர் என்ற பெயரிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பறையா என்ற சொல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். பறை கொட்டியவர்களின் பெயர் அது. ஆங்கிலச் செய்திகளில் உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைச் சொல்ல இன்றும் சாதாரணமாக வருகிறது, எழுதுபவருக்கு அதன் மூலம் தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். மலேசியாவில் அது நம்மீது வீசப்பட்ட வசையும்கூட. ஆங்கிலக் கட்டுரையில் நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்த வேண்டாம், ஒதுக்கப்பட்ட என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் நிறைய இருக்கின்றன.

பேசும்போது வாக்கியத்தின் முடிவில் 'லா' போடலாமா?

நண்பர்களிடம் தாராளமாக. கடிதத்தில் வேண்டாம்.

பிரிட்டன்காரரும் அமெரிக்கரும் தங்களுக்குள் குழம்புவதில்லையா?

நன்றாகவே குழம்பியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் பிரிட்டனிலும் நம் மக்களவையான டேவான் ராக்யாட்டிலும் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் ஒத்திப்போடுவது, நேர் எதிர். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கருத்தில் இருந்துகொண்டே இந்தச் சொல்லால் நீண்ட நேரம் வாதாடியதை வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார்.

நம் சொற்களை அகராதி ஏற்றுக்கொள்கிறதா?

சிலவற்றை ஏற்றிருக்கிறது. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புழங்கும் லெப்பாக் (சும்மா பொழுதுபோக்குவது), தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) போன்ற சொற்களைச் சேர்த்தது. தோட்டத்துச் சொற்களுக்கு அந்தக் கவனம் கிடைப்பது அரிது. செக்ரோல், பெரட்டு, ஸ்கிராப், டிவிசன் என்று தோட்டம் முழுக்க ஒலித்த சொற்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, எந்தச் சொல், எந்த வேலையில், யார் யாரிடம் சொன்னது என்று எழுதிவையுங்கள். போன் இருந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் பெரட்டு என்று பாட்டி சொல்லும் ஒலியை எழுத்தில் முழுசாகக் காட்ட முடியாது.

கோலாலம்பூரில் வெளிநாட்டுக் கம்பெனி நேர்காணல். பிள்ளை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முழு ஆங்கிலத்தையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரு சில சொற்கள் போதும். எம்.சி. எடுத்தேன் என்பதற்குப் பதிலாக உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தேன் என்று ஆங்கிலத்தில் விரித்துச் சொல்லட்டும், வெளிநாட்டவர் பலருக்கு எம்.சி. என்றால் மேடையில் நிகழ்ச்சி நடத்துபவர். அவுட்ஸ்டேஷன் போவேன் என்பது இந்தியருக்குப் புரியும், அமெரிக்கருக்கு வெளியூர்ப் பயணம் என்று சொல்ல வேண்டும். கடிதத்தில் சாப் வைக்க வேண்டுமா என்று கேட்டால் எதையோ வெட்டுவதாக நினைப்பார்கள். முத்திரை என்பதற்கு இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது, ஸ்டாம்ப் என்று கேட்கட்டும். புரியாமல் திகைத்தால் பிளர் ஆகிவிட்டேன் என்று சொல்ல வேண்டாம், குழம்பிவிட்டேன் என்பதற்கான பொதுவான ஆங்கிலச் சொல்லைச் சொல்லட்டும்.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் ஃபீல்டு கண்டக்டர் என்றே சொல்லட்டும். எதிரே இருப்பவர் பஸ்ஸா என்று கேட்டால், முந்நூறு ஏக்கர் ரப்பர்க் காட்டில் தினமும் வேலையை நடத்தியவர் என்று பிள்ளையே விளக்கலாம்.